விருந்துக் கோழியும் முதற் சீலமும்

வைசாகப் பௌர்ணமியன்றும், 1956 ஆம் ஆண்டில் பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அக்டோபர் 14 ஆம் நாளின் நினைவாகவும் நாம் திரளாகக் கூடுகிறோம். காலையில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுகிறோம். நண்பகலில் விருந்து. முன்னாளில் பந்தியில் இலை போட்டுப் பரிமாறினோம். இந்நாளில் ‘பஃபே’ என்னும் முறை வந்துவிட்டது. மேசைமீது பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட, வேண்டியதை அவரவரே தட்டில் எடுத்துக்கொள்கின்றனர். அம்மேசையில் கோழிக்கறி இருக்கலாமா என்பது நம்மவரிடையே எழுந்துள்ள வினா. உயிர்க்கொலை விலக்குவதாக மொழிந்த நாவே அடுத்த நாழிகையில் கோழியைச் சுவைப்பது முறையாகுமோ என்கின்றனர் ஒரு சாரார். கோழியை நீக்கினால், எவருடைய ஆசாரத்தினின்று விடுபட்டோமோ அதையே மீண்டும் தலையில் சுமந்தவராவோம் என்கின்றனர் மற்றொரு சாரார்.

பின்னவர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. ஊன் உண்போர் தாழ்ந்தோர், உண்ணாதார் உயர்ந்தோர் என்னும் அளவுகோலால் நம் முன்னோரை அளந்து சேரிக்குத் தள்ளியது இந்நாடு. புத்தபகவான் அவ்வளவுகோலைக் கையிலெடுத்தவர் அல்லர். பிக்குகள் மீனும் ஊனும் அறவே உண்ணலாகாதென்று விதிக்குமாறு தேவதத்தன் வேண்டியபோது பெருமான் உடன்படவில்லை. தனக்கெனக் கொல்லப்பட்டதாகக் கண்டதும் கேட்டதும் ஐயுற்றதும் இல்லாத ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்பதே அவர் வகுத்த வரம்பு. ‘நாம் கொன்றோமா? கடையில் வாங்கியதுதானே’ என்று நம்மவர் ஆறுதல் கொள்வதும் இவ்வரம்பை நம்பியே.

ஆயினும் அவ்வரம்பு ஓடேந்தி வாயிலில் நிற்பவர்க்கு வகுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. விருந்து நடத்தும் நாமோ ஏற்பவர் அல்லர், இடுபவர். இடுபவரைப் பற்றி அதே சீவக சூத்திரம் வேறொன்று கூறுகிறது. ததாகதர்க்கோ அவர் சீடர்க்கோ உணவாக்க உயிர்கொல்வோன் ஐந்து வகையில் பாவம் ஈட்டுகிறான். அவற்றுள் முதலாவது, இன்ன உயிரைக் கொண்டுவருக என்று அவன் ஏவுவதே. கத்தி எழுமுன்னரே கணக்குத் தொடங்கிவிடுகிறது! சேனாபதி சீகன் பெருமானுக்கு விருந்திட்டபோது, கடைத்தெருவில் இருக்கும் ஊனை வாங்கிவருமாறே ஆளனுப்பினான் என்று விநயபிடகம் கூறுகிறது. கிடந்ததை வாங்குவது வேறு, கிடத்தச் சொல்வது வேறு.

ஒருவர் தம் இல்லத்துக்கு அரைக் கிலோ கறி வாங்கும்போது, அது பெரும்பாலும் பிறர் பொருட்டும் வெட்டியதில் ஒரு பங்கே. அவர் வாராதொழியினும் அந்நாளில் அக்கடையில் கோழிகள் வெட்டப்பட்டேயிருக்கும். முந்நூறு பேர் விருந்தில் நிலைமை அதுவன்று. எலும்போடு கூடிய கறி ஆளுக்கு 200 கிராம் என்று கொண்டால் 60 கிலோ வேண்டும். 2 கிலோ எடையுள்ள பிராய்லர் கோழியைத் தோலுரித்துத் துப்புரவு செய்தால் ஏறக்குறைய 1.3 கிலோ தேறும். ஆக 47 கோழிகள். கடைக்காரர் இதை முன்பணம் பெற்று, நாள் குறித்து, நமக்கென்றே வெட்டித் தருகிறார். கடைக்கும் நமக்கும் இடையே அறியாமை என்று ஒரு திரை இருந்ததே, தொகை பெருகியதும் அது அறுந்து வீழ்கிறது. தம்மபதம் கொல்லுதலோடு கொல்வித்தலையும் சேர்த்தே விலக்கியது இத்தகைய இடத்தை நோக்கித்தான் போலும்.

பஃபே முறை இதனினும் மேலே செல்கிறது. பந்தியில் பரிமாறுவோர் கை அளவறியும். இங்கே உண்பவர் கண்ணே அளவு. முன்வரிசையார் தொடைக்கறியை அள்ளிக்கொள்ள, கடைவரிசையார்க்குக் கழுத்தெலும்பே எஞ்சும். அதற்கஞ்சிச் சமையற்காரர் முன்கூட்டியே ஒரு 10 கிலோ மிகுதியாகக் கேட்பார். அதற்கு 7 கோழிகள். இவ்வேழும் எவர் பசிக்காகவும் இறப்பவை அல்ல. பாத்திரம் காலியாய்த் தோன்றலாகாது என்பதற்காக இறப்பவை.

கொல்லும் விருப்பத்தையும் கொல்லும் தேவையையும் வேறுபடுத்திக் காண வேண்டும் என்று பாபாசாகேப் தமது ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் விளக்கினார். 1957 இல் வெளிவந்த அந்நூலைக் காட்டி, ‘ஊன் நமக்குத் தேவை’ என வாதிடுவோர் உளர். வறியோர்க்குப் புலாலுணவு உரமளிப்பது உண்மையே. பிறர் விருந்தின் எச்சிலையே விருந்தாகப் பெற்ற ஒரு மக்கள், தம் சொந்தப் பணத்தில் தம் மேசையில் கோழிக்கறி வைத்து, ஒருவரையும் புறத்தே நிறுத்தாமல் எல்லாரையும் அழைத்து உண்பதில் ஒரு மானமும் அடங்கியிருக்கிறது. அதை எள்ளி நகையாடுவோர் பசியை அறியாதவர். எனினும் அம்மானம் வரிசையில் சமமாய் நிற்பதிலும் வயிறார உண்பதிலும் இருக்கிறதேயன்றிக் கோழியின் தொடையில் இருக்கிறதென்று நாம் கருதவில்லை. குப்பைக் கூடையில் வீழும் அந்த ஏழு கோழிகளை எத்தேவையின் கீழ் எழுதுவது?

மற்றொன்றும் நம்மை உறுத்துகிறது. ஊன் விற்பதை உபாசகர்க்கு ஆகாத ஐந்து வாணிபங்களுள் ஒன்றாகப் பெருமான் வைத்தார். நாம் அத்தொழிலை மேற்கொள்வதில்லை. விடியற்காலையில் குருதியில் நின்று 47 கழுத்துக்களை அறுப்பவன் எவனோ ஒரு கூலியாள். வேலையை அவனிடம் விட்டு, நாம் வெள்ளாடை உடுத்துச் சீலம் ஓதுகிறோம். செத்த மாட்டை அகற்றுவதைப் பிறர்மேல் சுமத்தி, அதன் தோலில் தைத்த செருப்பைத் தாம் அணிந்து, சுமந்தவனையே தீண்டாதவன் என்றார்களே, அவர்களுடைய கணக்கும் இதே கணக்கன்றோ? அக்கணக்கின் கொடுமையை நம்மைக் காட்டிலும் அறிந்தவர் யார்!

அசோக மன்னரை இங்கே நினைக்கலாம். தம் மடைப்பள்ளியில் முன்னர் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் குழம்புக்காகக் கொல்லப்பட்டன என்றும், கல்வெட்டுப் பொறித்த காலத்தில் இரண்டு மயிலும் ஒரு மானுமாக மூன்றே கொல்லப்பட்டன என்றும், மானும் நாள்தோறும் இல்லையென்றும், இனி அம்மூன்றும் கொல்லப்படமாட்டா என்றும் முதற் பெரும்பாறைக் கல்வெட்டில் அவர் அறிவித்தார். தம்மத்தின் பெயரால் ஆணையிட்ட பேரரசர், தம் அடுக்களையில் இன்னும் மூன்று உயிர் மடிகின்றன என்பதை மறையாமல் கல்லில் எழுதினார் பாருங்கள். நம் மணிமேகலையிலும் இதற்கொரு சான்று உண்டு. நாகர் தீவில் அகப்பட்ட சாதுவன், ஊனுண்ணும் நாகர் தலைவனிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் விடுமாறு கேட்கவில்லை. மூத்து இறக்கும் விலங்கு ஒழிய ஏனைய உயிர்களைக் கொல்லற்க என்று அவனுக்கு இயன்றதையே கூறினான்.

எனவே நம் கருத்து இது. இல்லத்தில் எவர் எதை உண்பது என்பதில் சங்கம் தலையிட வேண்டா. சங்கத்தின் பெயரால் சீலம் ஏற்கும் நாட்களில் மட்டும், சங்கத்தின் பணத்தில் ஓருயிரையும் வெட்டுமாறு ஏவ வேண்டா. காய்கறிக் குழம்பும் கொண்டைக்கடலையும் தயிரும் முந்நூறு பேரை நிறைவாக உண்பிக்கும். ஆனால் சமையற்கூட வாயிலில் ‘சுத்த சைவம்’ என்று பலகை தொங்கவிட வேண்டா, அச்‘சுத்தம்’ நம்முடையதன்று.

திருமண வீட்டார் கோழி சமைக்கவே துணிந்தால், வருவோர் தொகையை முன்னரே கேட்டறிந்து அவ்வளவுக்கே சொல்லட்டும். கோழிப் பாத்திரத்தின் அருகே மட்டும் கரண்டியோடு ஒருவர் நிற்கட்டும். கேட்பவர்க்கு மறுமுறை இடுவதில் இழுக்கில்லை. பெரிய தேக்சாவை மேசையில் வைக்காமல், சிறு பாத்திரங்களில் அவ்வப்போது சூடாகக் கொணர்ந்து வைத்தால் வீண் குறையும். மேசைமேல் உள்ளதன் சூடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காதவாறு அடியில் அனல் இருக்க வேண்டும். ஆறிப்போய் இரண்டு மணி நேரம் திறந்து கிடந்த கறியை, ‘மிஞ்சியதை ஏழைகளுக்கு அளித்துவிடுவோம்’ என்று மாலையில் வண்டியேற்றி அனுப்புவோர் தானம் செய்யவில்லை; நோயை அனுப்புகின்றனர். கொடுப்பதாயின் அடுப்பினின்று இறக்கியதும், விருந்தினர் உண்ணத் தொடங்குமுன்னரே ஒரு பங்கை எடுத்துச் சுடச்சுட அனுப்பிவிடலாம்.