எழுத்தும் இருக்கட்டும்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் துட்டி கேட்க வருகிறவர்கள், இறந்தவரைப் பற்றி இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடுவார்கள். அத்தை போன அன்றும் அப்படித்தான் சொன்னார்கள். "தங்கமான மனுசி. ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேட்டது கிடையாது. வாயத் தொறந்து ஒரு சொல் சொன்னது கிடையாது." மனதாரத்தான் சொன்னார்கள், அழுதுகொண்டே சொன்னார்கள். ஆனால் கேட்கக் கேட்க, அத்தை எங்களைவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டிருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அத்தை கேட்டாள். வேண்டியதை வேண்டிய இடத்தில் கேட்டாள். சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொன்னாள்.

அன்பானவர்களை நினைக்கும்போது நாம் ஏன் அவர்களை வாயில்லாதவர்களாக ஆக்கிவிடுகிறோம்? தனக்கென்று எதுவும் வேண்டாதவள் என்பதே ஒரு பெண்ணுக்குத் தரக்கூடிய ஆகப் பெரிய புகழாக எப்படி ஆயிற்று? அத்தையின் வாழ்க்கையை நினைக்கிற ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

அத்தை பீடி சுற்றினாள். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பெண்கள் செய்கிற வேலை. கடையில் இலையும் தூளும் கொடுப்பார்கள். இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, பதம் வந்ததும் தகட்டை வைத்து அளவாகக் கத்தரிக்க வேண்டும். பிறகு மடியில் சொளவு. தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் ஒரு சுற்று. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரே ஆள் உட்கார்ந்தால் விடியலில் தொடங்கி விளக்கு வைத்த பிறகும் வேலை மிச்சமிருக்கும். கல்யாணமான சில வருஷங்களில் மாமா இறந்துபோக, பிள்ளையில்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அத்தை. வந்த வாரத்திலேயே சொளவை மடியில் வைத்துக்கொண்டாளாம்.

கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று கொஞ்சத்தைக் கழித்து வைப்பார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அத்தை நகர மாட்டாள். "அண்ணாச்சி, எது கோணல்னு எடுத்துக் காட்டுங்க. காட்டுனா ஒத்துக்கிடுதேன்." குரல் உயராது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கணக்கு எழுதுகிறவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார், பாதியைத் திரும்ப உள்ளே வைப்பார். அடுத்து நிற்கிற பெண்ணின் கட்டையும் அன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகத்தான் பிரிப்பார். அந்த வரிசையில் நின்ற பெண்கள்தான் துட்டி வீட்டில் உட்கார்ந்து, "ஒரு சொல் சொன்னதில்லை" என்று அழுதார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இறந்தவரைப் பற்றி எப்படிப் பேச வேண்டுமென்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள், அப்படியே பேசுகிறோம்.

நான் படித்ததும் அத்தை கையால்தான். 1976-இல் பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்று சட்டம் வந்தது. அந்த நிதியிலிருந்து தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்தார்கள். அம்மாவும் பீடி சுற்றியவள்தான், அவள் பெயரில் எனக்கு அது வந்துகொண்டிருந்தது. நான் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அம்மா படுத்துவிட்டாள். கடையில் கொடுத்த பாஸ்புத்தகத்தில் பீடி வரவு இல்லாமல் போனால் பெயர் விழுந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அத்தை தன் கணக்கை முடித்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து அம்மா கணக்குக்கும் சுற்றினாள்.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

குழாயடியில் தொடங்கிய ஏதோ ஒரு பேச்சு, நாத்தனார் உறவின் பழைய பாக்கியெல்லாம் சேர்ந்து பெரிதாகிவிட்டது. அப்பாவின் கல்யாணத்தில் அம்மா கழுத்தில் தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டவளே அத்தைதான். இருந்தும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்தபோது உடனிருந்தவளும் அத்தைதான். கஞ்சியை ஆற்றிக் கொடுப்பாள், துணியை அலசிப் போடுவாள், டாக்டர் வந்தால் எழுந்து நின்று கேட்க வேண்டியதைக் கேட்பாள். அம்மாவிடம் மட்டும் பேச மாட்டாள். "அவகூட எனக்குச் சண்டதான். அதுக்காக அவ பட்டினி கிடக்கணுமாட்டி?" என்று என்னிடம் சொன்னாள்.

அன்பு என்றால் மனம் குளிர்ந்திருக்கும்போது சுரப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கோபம் கோபமாகவே இருக்க, செய்ய வேண்டியதை ஒருநாள்கூடத் தவறாமல் செய்கிற மனிதரை அங்கேதான் பார்த்தேன். இயல்பிலேயே சாந்தமானவள் என்று அத்தையைச் சொன்னால், அந்த ராத்திரிகளில் அவள் தனக்குள் என்னவெல்லாம் தாண்டி வந்து அந்தச் சொளவை எடுத்தாள் என்பது காணாமல் போய்விடுகிறது.

தாத்தா வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அது தாத்தா தன் உழைப்பில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவதுதான் நடப்பு. கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்று நினைப்பார்கள். அத்தையும் தன் பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தாள். ஆனால் ஒன்றைக் கேட்டாள். பின்கட்டு அறையில் தன் ஆயுசு வரைக்கும் குடியிருக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பத்திரத்திலேயே எழுதச் சொன்னாள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "கூடப்பொறந்தவன் மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார்.

"நம்பிக்கை இருக்கு. எழுத்தும் இருக்கட்டும்" என்றாள் அத்தை.

அந்த அறையில்தான் எனக்காகவும் அம்மாவுக்காகவும் சுற்றினாள். கிளம்பு என்று யாரும் சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு சுற்றினாள். போக்கிடம் இல்லாததால் உழைத்துக் கொட்டினாள் என்று எவரும் அவளைப் பற்றிச் சொல்லிவிட முடியாது. மாட்டேன் என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவள் கொடுத்தது அது. அதனால்தான் நான் வாங்கிக்கொண்டது இத்தனை கனமாக இருக்கிறது.

தனக்கென்று எதுவும் வேண்டாதவளா அத்தை? சாரல் விழத் தொடங்கிவிட்டால் கையில் வேலை ஓடாது. தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு குற்றாலத்துக்கு வண்டி ஏறிவிடுவாள். மெயினருவிக் கூட்டம் அவளுக்கு ஆகாது, ஐந்தருவிதான். எங்களைக் கூட்டிப் போகவே மாட்டாள். அழுதாலும் மசிய மாட்டாள். "பிள்ளைகளக் கூட்டிட்டுப் போனா நான் எங்க குளிக்க?" புகையிலைத் தூள் நெஞ்சில் ஏறி இருமல் நிரந்தரமாகிவிட்ட பிறகும் போனாள். 2014-இல் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் குறைந்தது 1,000 ரூபாய் என்று ஆனபோது, முதல் வேலையாகக் குற்றாலச் செலவுக்கென்று ஒரு டப்பாவில் தனியே போட்டுவைத்தாள்.

தம்பி மகளுக்கு இப்போது நான் அத்தை. அவள் கேட்கும்போதெல்லாம் கடை வரிசையையும் ஆஸ்பத்திரிச் சண்டையையும் ஐந்தருவியையும் சேர்த்தேதான் சொல்கிறேன். பத்திரக் கதையை மட்டும் சொல்லாதே, அக்காவுக்கு அது குறைவு என்றார் அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதுவரை எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்: "பத்திரச் செலவும் அக்காதான் குடுத்தா. நான் எவ்வளவோ சொல்லியும் கேக்கல. அதையும் சொல்லு."