அடித்த எண்ணும் தெரிய வேண்டும்

தமிழ் விக்கிப்பீடியாவில் பாலக்கோடு என்ற ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. யாரேனும் அதில் ஒரு வரியைக் கெடுத்துவிட்டால் பதறவேண்டாம். முந்தைய வடிவங்கள் நாள், நேரத்தோடு பின்னால் காத்திருக்கின்றன.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ மென்பொருள் நம் கோப்புகளின் முந்தைய வடிவங்களையும் இப்படிக் காத்துவைக்கிறது. ஆனால் அவ்வப்போது ‘கமிட்’ செய்து நாம் பதிந்திருக்க வேண்டும். பதியாததை அது மீட்டுத் தராது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ரிவெர்ட்’ கட்டளை. தவறான மாற்றத்தை அது அழிப்பதில்லை. திருத்தத்தை அதன்மேல் புதிய பதிவாக வைக்கிறது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் நேர்மையான கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? தப்பான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுவார். அடித்த எண்ணையும் யாரும் படிக்கலாம்.