கற்படுக்கை கற்பிக்கும் பாடம்



புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குச் செல்வோருள் பலர் அறிவர் கோயிலின் ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுவர். அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை ஒன்று உண்டு. பாறையில் வெட்டிய படிக்குழிகளில் கால் வைத்து அக்குகையை அடைய வேண்டும். உள்ளே 17 கற்படுக்கைகள் வழுவழுப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. தலை வைக்கும் பக்கம் மட்டும் சற்றே உயர்ந்திருக்கும். நம் முனிவர்களுக்கு அமைந்த தலையணை அதுவே.

அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சுமார் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. துறவி ஒருவருக்குப் படுக்கை செய்தளித்தவரின் பெயரை அது கூறுகின்றது. இதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கல்லில் படுத்தவர் துறவி. அக்கல்லைத் திருத்திக் கொடுத்தவர் பிறர். துறவைத் தாங்கி நின்ற அத்தகையோரின் வழியில் வந்த இல்லறத்தாராகிய நாமும் துறவின் ஒரு பங்கையேனும் ஏற்க வேண்டாமா?

“சுகங்களைத் துறந்தால் இறைவனை நெருங்கலாம்” என்று சமயத்தார் பலரும் கூறுவர். நம் சமயத்தில் இதன் பொருள் சற்று வேறு. அருகப் பெருமான் விருப்பு வெறுப்பு அற்றவர். நாம் ஒன்றைத் துறந்தமைக்காக அவர் மகிழ்ந்து பரிசளிப்பதில்லை, துறவாமைக்காகச் சினப்பதுமில்லை. அவர் எய்திய தூய்மை நம் ஆன்மாவிலும் உள்ளது. வினைத்தூசு அதனை மூடியிருக்கின்றது. பற்றுக் குறையுந்தோறும் புதிய தூசு படிவது குறையும். இறைவனை நெருங்குதல் என்பது இதுவே.

இல்லறத்தார் அனைத்தையும் ஒருசேர விட இயலாது என்பதை நம் ஆசாரியர்கள் நன்கறிவர். ஆகவே அளவு செய்துகொள்ளும் விரதத்தை வகுத்தனர். உணவு, மலர், சந்தனம் போல ஒருமுறை துய்த்துத் தீர்வன போகம். ஆடை, அணிகலன், படுக்கை போல மீண்டும் மீண்டும் துய்ப்பன உபபோகம். இவற்றை வாழ்நாள் முழுதும் விடுவது யமம். ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு மாதம் என எல்லை வகுத்து விடுவது நியமம். சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதனைத் தெளிவாக விளக்குகின்றது.

எதனை விடுவது என்பதில்தான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், தசலட்சண பர்வத்தின் பத்து நாளும் இனிப்பை விடுவதாக நான் நியமம் ஏற்றேன். பள்ளியில் படிக்கும் என் பேத்தி, “பாட்டி, உங்களுக்குத்தான் சர்க்கரை நோயாயிற்றே! டாக்டர் வேண்டாம் என்றதைத்தானே விட்டீர்கள்?” என்றாள். மாணவியர் பலரை வினாக் கேட்டுப் பழகிய எனக்கு அவ்வினாவிற்கு விடை தெரியவில்லை.

அதே பர்வத்தில் ஒரு மாலை, அலுவலகம் சென்ற என் மருமகள் வருவதற்குத் தாமதமாயிற்று. பொழுது சாயுமுன் உண்ண வேண்டுமே என்று அவள் ஓடியாடிச் சமைத்துப் பரிமாறினாள். “விரதம் இருப்பவளை இப்படியா காக்க வைப்பது?” என்று சுடுசொல் கூறிவிட்டேன். அவள் மறுமொழி கூறாமல் உள்ளே சென்று அழுதாள். இரவுண்ணாமையைக் காத்தேன், ஓர் உயிரை வருந்தச் செய்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை ஜினாலயம் செல்லுமுன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

புறப்பற்று பத்து வகை, அகப்பற்று பதினான்கு வகை என்பர். நிலம், வீடு, பொன் முதலியன புறப்பற்று. பொய்க்காட்சி, சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் முதலியன அகப்பற்று. இனிப்பை எளிதில் விட்ட எனக்கு, வீட்டில் என் சொல்லே நடக்க வேண்டும் என்ற செருக்கை விட இயலவில்லை. மெத்தையை விடச் சுகமான இருக்கையாக அதுவே எனக்கு இருந்திருக்கின்றது!

ஆயினும் புறத்துறவு வேண்டியதில்லை என எண்ணிவிடலாகாது. நாவை அடக்கி உண்ணப் பழகியவருக்கே நாவை அடக்கிப் பேசவும் வலிமை பிறக்கும். ஆகவே வரும் அட்டமி அல்லது சதுர்த்தசியன்று இரண்டு நியமங்கள் ஏற்போம். உண்மையில் நமக்கு விருப்பமான ஒரு பொருளை அன்று விடுவோம். நம் வீட்டார் நம்மால் எதனால் வருந்துகின்றனரோ அக்குணத்தையும் அன்று ஒருநாள் விடுவோம். அது எதுவென நமக்குத் தெரியாவிடின் வீட்டாரையே கேட்கலாம். அவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

நியமம் இடையில் முறிந்தால் மனந்தளர வேண்டாம். தவறிய எழுத்தை அழித்து மீண்டும் எழுதும் குழந்தையைப் போல மறுபடி தொடங்குவோம். ஏழடிப்பட்டத்துப் பாறையும் ஒரே நாளில் வழுவழுப்பாகிவிடவில்லை.

அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!