நடுவரின் வாசலில் ஒருத்தி

தாவீது அரசனிடம் நாத்தான் என்னும் இறைவாக்கினர் ஒரு கதை சொன்னார். ஓர் ஊரில் இரண்டு பேர். ஒருவனுக்கு ஏராளமான ஆடுமாடுகள். மற்றவனுக்கு இருந்தது ஒரேயொரு பெண் ஆட்டுக்குட்டி. அதைத் தன் பிள்ளைகளில் ஒன்றாக, தன் உணவிலிருந்து ஊட்டி, மடியில் கிடத்தி வளர்த்தான். செல்வந்தன் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது, தன் மந்தையில் கைவைக்க மனமில்லாமல், ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்துப் போட்டான். கேட்டுக்கொண்டிருந்த தாவீதுக்குக் கோபம் பொங்கியது. அப்படிச் செய்தவன் சாகத் தகுந்தவன் என்றான். அந்த மனிதன் வேறு யாருமல்ல, அரசன்தான் என்று நாத்தான் அப்போது காட்டினார்.

உரியாவின் மனைவி பத்சேபாவை அழைத்துவரச் செய்து தனதாக்கிக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவைத்தவன் தாவீது. நேராகக் குற்றம் சாட்டியிருந்தால் அரசன் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பான். கதை அவனை அவன் வாயாலேயே தீர்ப்புச் சொல்ல வைத்தது. எபிரேய மொழியில் உவமை, பழமொழி, விடுகதை மூன்றுக்குமே ‘மாஷால்’ என்ற ஒரே சொல் உண்டு. இந்த மரபில் வளர்ந்தவர்தான் இயேசு. அவருடைய உவமைகளும் கேட்பவரை உள்ளே இழுத்துத் தீர்ப்புச் சொல்ல வைக்கின்றன.

சரி, நாத்தானின் கதையில் பத்சேபா எங்கே? அவள்தான் அந்த ஆட்டுக்குட்டி. அநீதி இழைக்கப்பட்டது குட்டியின் சொந்தக்காரனுக்கு. குட்டிக்கு வாய் இல்லை. கேட்பவரை நீதிபதியாக்கும் இந்த வடிவம், பெண்ணையும் நீதிபதியாக அமர்த்துமா என்ற கேள்வி இங்கிருந்தே தொடங்குகிறது.

பெண் வாய்திறக்கும் உவமை ஒன்று லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஓர் ஊரில் ஒரு நடுவர். கடவுளுக்கும் அஞ்சாதவர், மனிதரையும் மதிக்காதவர். அதே ஊரில் ஒரு கைம்பெண். தன் எதிராளிக்கு எதிராக நீதி கேட்டு அவரிடம் போய்க்கொண்டே இருக்கிறாள். நெடுநாள் அவர் அசையவில்லை. கடைசியில், கடவுளுக்காகவோ மனிதருக்காகவோ இல்லாவிட்டாலும் இவள் தொல்லையிலிருந்து தப்பிக்கவாவது நீதி வழங்கிவிடலாம் என்று தனக்குள் முடிவெடுக்கிறார்.

இந்தக் கதையைத் தொடங்கும் முன்பே அதன் பொருளை லூக்கா சொல்லிவிடுகிறார்: மனந்தளராமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கான உவமை இது. அந்த முன்னுரைதான் பிரசங்கங்களில் நிலைத்தது. ஆனால் கதைக்குள் அவள் ஒருமுறைகூட ஜெபிப்பதில்லை. நடக்கிறாள், போய் நிற்கிறாள், கேட்கிறாள், மறுபடியும் வருகிறாள். நடுவர் அஞ்சுவதைச் சொல்ல லூக்கா பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல் ‘ஹுபோபியாசோ’. கண்ணுக்குக் கீழே குத்துவது என்பது அதன் நேர்பொருள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பவுலும் இதே சொல்லைக் கையாள்கிறார். யாருக்கும் பயப்படாத நடுவர், ஒரு கைம்பெண்ணிடம் முகத்தில் குத்து வாங்கிவிடுவோமோ என்று நடுங்குகிறார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். தமிழில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அந்தக் குத்து ‘அலட்டுதல்’ ஆகிவிட்டது. அவள் கை நம் கண்ணிலிருந்து மறைந்து, நச்சரிப்பு மட்டும் மிஞ்சியது.

வழக்காடும் கைம்பெண் கற்பனைப் பாத்திரம் அல்ல. சாக்கடலை அடுத்த ஒரு குகையில் 1961இல் தோல்பையொன்றில் பாபத்தா என்ற யூதப் பெண்ணின் ஆவணங்கள் கிடைத்தன. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவள். கணவன் இறந்தபின், தன் மகனுக்கு நியமிக்கப்பட்ட காப்பாளர்கள் பராமரிப்புக்குக் கொடுத்த மாதம் 2 தெனாரியம் போதாது என்று ரோமானிய ஆளுநர் வரை வழக்கைக் கொண்டுபோனாள். இயேசுவின் இன்னொரு உவமையில் திராட்சைத் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியே ஒரு தெனாரியம்தான். லூக்காவின் கைம்பெண்ணை நடுவரின் வாசலில் வைத்துப் பார்க்கப் பாபத்தா நமக்கு உதவுகிறாள்.

கேரளத்தின் மேரி ராயையும் அந்த வாசலில்தான் பார்க்க முடிகிறது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்வாசி, அல்லது 5000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் போனார். 1986இல், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. மகளுக்கும் சம பங்கு என்றானது. ஆனாலும் அவருடைய பங்கு கைக்கு வந்துசேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. சொத்தில் பங்கு கேட்கும் மகளுக்கும், அடிக்கும் கணவனைப் பற்றி முறையிட வரும் மனைவிக்கும், ‘பொறுமையாக ஜெபம் பண்ணும்மா’ என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இந்த உவமையையே எடுத்துக்காட்டும்போது, கதையில் இருப்பவளை அவர்கள் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஜெபம் வேண்டாம் என்பது என் வாதமில்லை. நீதி கேட்டு நடப்பதற்கு ஒப்பானது ஜெபம் என்று சொல்ல வந்த கதையை, நடப்பதற்குப் பதிலாக ஜெபம் என்று மாற்றுவது அறம்தானா என்பதே கேள்வி.

உவமையை விளக்கும் உரிமை யாருடையது என்ற கேள்விக்கு மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் பதில் வைத்திருக்கிறாள். தீர் நகரப் பகுதியில் நடக்கிறது. சீரோபெனிக்கிய இனத்தவள், யூதரல்லாதவள், தன் மகளைப் பிடித்த பேயை ஓட்டும்படி இயேசுவிடம் கேட்கிறாள். அவர் ஒரு பழமொழி போல மறுமொழி சொல்கிறார்: பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்களுக்குப் போடுவது முறையல்ல என்பது அதன் சாரம். கிரேக்கத்தில் நாய்க்குட்டி என்ற சொல்தான் இருக்கிறது, அது செல்லச் சொல் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. குட்டி என்றாலும் நாய் நாய்தான். நோயுற்ற பிள்ளைக்காக வந்து நிற்பவளின் முகத்தில் அடிக்கிற பேச்சு அது.

அவள் அழுதுகொண்டு திரும்பவில்லை. அந்தப் பழமொழியைத் தூக்கி எறியவும் இல்லை. அதற்குள்ளேயே போய், மேசைக்கு அடியில் இருக்கும் நாய்களும் பிள்ளைகள் சிந்தும் துணுக்குகளைத் தின்கின்றனவே என்கிறாள். அவர் சொன்னதில் பிள்ளைகள் உண்டபின் நாய்கள். அவள் சொன்னதில் இருவரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் உண்கிறார்கள். அந்தச் சொல்லுக்காகவே அவள் மகளைப் பேய் விட்டுப் போயிற்று என்று இயேசு சொன்னதாக மாற்கு எழுதுகிறார். இதே நிகழ்ச்சியை எழுதும் மத்தேயுவில் இயேசு பாராட்டுவது அவளுடைய நம்பிக்கையை. அவளுடைய வாதம் நம்பிக்கையாகச் சுருங்கியது, கைம்பெண்ணின் குத்து நச்சரிப்பாகச் சுருங்கியதைப் போலவே. எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்ஸா தன் 1992ஆம் ஆண்டு நூலுக்கு ‘ஆனால் அவள் சொன்னாள்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது இவளை நினைத்துத்தான். நற்செய்திகளில் இயேசுவோடு வாதிட்டு, அவர் சொன்ன பதிலை மாற்றவைத்தவள் இவள். உவமைப் பேச்சு எப்படிப் போதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கேட்டவள் திருப்பிப் பேசிய பிறகுதான் அந்தச் சொல் முழுமையடைகிறது. அங்கே கற்றுக்கொண்டவர் யார், கற்பித்தவர் யார் என்று பிரிப்பதும் எளிதல்ல.

அப்படியானால் ஆளுக்கொரு பொருள் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன் விருப்பத்துக்கு வளைப்பது விளக்கமாகாது. கதையை இன்னும் நெருங்கி வாசிக்க வேண்டும். எருசலேம் ஆலயத்தில் இரண்டு செப்புக்காசுகளைப் போட்ட கைம்பெண்ணை எடுத்துக்கொள்வோம். காணிக்கை கேட்கும் ஞாயிறுகளில் அவள் தவறாமல் வருவாள். மாற்கு 12இல் அவளுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது? கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். அடுத்து இவள் வருகிறாள். தன் பிழைப்புக்கு இருந்த முழுவதையும் போடுகிறாள். அதற்கடுத்து, அந்த ஆலயத்தில் கல்லின்மேல் கல் நிற்காது என்கிறார். அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. அது ஆலயம் இடியும் செய்தியை அடுத்த அதிகாரத்துக்குத் தள்ளிவிட்டது. 1982இல் அடிசன் ரைட் என்ற ஆய்வாளர் மூன்றையும் சேர்த்து வாசித்து, இயேசு அவளைப் புகழ்கிறாரா, அவளுக்காக வருந்துகிறாரா என்று கேட்டார். ‘அவளைப் போலச் செய்யுங்கள்’ என்று இயேசு அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

நெருங்கி வாசிப்பது நமக்குப் பிடித்த பொருளையும் சோதிக்கும். யூதப் பெண்ணும் புதிய ஏற்பாட்டு அறிஞருமான ஏமி-ஜில் லெவைன் 2014இல் எழுதிய உவமைகள் பற்றிய நூலில், லூக்காவின் கைம்பெண் கேட்பது பழிவாங்கலாகவும் இருக்கலாம் என்று காட்டுகிறார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அப்பொருளும் உண்டு. அவள் வழக்கில் நியாயம் அவள் பக்கம்தான் என்று கதை எங்கும் சொல்லவில்லை. நாமாகவே அவளைக் களங்கமற்றவளாக ஆக்கிக்கொள்கிறோம். யூதச் சமயம் பெண்களை ஒடுக்கியது, இயேசு வந்து விடுவித்தார் என்ற எளிய கதையையும் லெவைன் மறுக்கிறார். கைம்பெண்ணுக்கு நீதி வழங்கு என்று ஆணையிட்டது அந்த யூதச் சட்டமே. ஒரு பெண்ணை உயர்த்த இன்னொரு சமூகத்தைத் தாழ்த்துவது நம் வாசிப்பாக இருக்க முடியாது. நீதி கேட்க ஒருத்தி குறையற்றவளாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையையும் நாம் கைவிட வேண்டியிருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, திருப்பலி மறையுரையைக் குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் மட்டுமே உரியதாக வைத்திருக்கிறது. இரண்டு நிலைகளும் ஆண்களுக்கே. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருக்களாக இருக்கிறார்கள். 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார். பீடத்தில் பெண் நிற்பது முக்கியம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கும் விளக்கம் சொல்லும் உரிமை உண்டு என்பதும் அதே அளவு முக்கியம். பீடத்தில் நிற்பவள் பழைய முன்னுரையையே ஒப்பித்தால், வாசலில் நிற்கும் பெண்ணுக்கு எதுவும் மாறாது.

லூக்காவின் உவமை ஒரு கேள்வியோடு முடிகிறது: மானிட மகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரா? அந்த நம்பிக்கை எப்படி இருக்கும் என்பதற்குக் கதைக்குள் ஒரே ஓர் அடையாளம்தான் இருக்கிறது. நேற்றுத் திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி, இன்றும் வழக்கு மன்றத்துக்குப் போகிறாள்.