வழி கேட்டலும் வழி காட்டலும்

வழியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பல ஒழுக்கத்தையும் குறிப்பனவாக அமைந்துள்ளன. ‘நெறி’ என்பது பாதை. அதுவே வாழ்க்கை முறையுமாகும். ‘ஆறு’ என்பது செல்லும் வழி. அறத்தின் வழியும் அச்சொல்லாலேயே சுட்டப்பட்டது. வழி தெரியாதவருக்கு வழி காட்டுதல் வெறும் தகவல் வழங்குதலன்று, அஃது ஓர் அறச்செயல் என்னும் எண்ணம் இச்சொல்லாட்சிகளுள் உறைந்து கிடக்கின்றது எனலாம். இன்று அவ்வெண்ணம் புதியதொரு சோதனைக்கு உள்ளாகியுள்ளது. உள்ளங்கையில் அடங்கும் திறன்பேசியும் அதில் இயங்கும் செயலிகளும் எந்த மனிதரையும் வினவாமலே, எந்த நாட்டிலும் ஒருவரை வழிநடத்த வல்லனவாகிவிட்டன. வழி கேட்கும் தேவை நீங்கியபின், கேட்டவருக்கும் காட்டியவருக்கும் இடையே நிலவிய உறவு என்னாகும்? அவ்வுறவு மறைவது இழப்பா, விடுதலையா? இவ்வினா ஆராய்தற்குரியது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் குடும்பமொன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ உள்ள உறவினரைக் காணப் புறப்படுவது இன்று அரிய நிகழ்ச்சியன்று. அப்பயணத்தின் ஒவ்வொரு படியிலும் ஒரு செயலி துணைநிற்கின்றது. விமானச் சீட்டின் விலைகளை ஒப்புநோக்குவது ஒன்று. நாணய மாற்று விகிதத்தைக் கூறுவது மற்றொன்று. தங்குமிடத்தைப் பற்றி முன்னர் தங்கியோர் எழுதியவற்றைத் திரட்டித் தருவது இன்னொன்று. வீட்டு வாசலுக்கு வாடகை வண்டியை அழைக்க 2015ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றிய ‘பிக்மி’ உண்டு. அறியாத நகரில் இறங்கியவுடன் எந்தத் தெருவில் திரும்புவது, எந்த நிலக்கீழ் ரயிலில் ஏறுவது என்பவற்றைக் கூகிள் வரைபடம் சொல்லிவிடுகின்றது. விண்ணிற் சுழலும் செய்மதிகளுள் நான்கிலிருந்தேனும் வரும் சமிக்ஞைகள் வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, கருவி தான் நிற்கும் இடத்தைச் சில மீற்றர் பிசகுக்குள் அறிந்துகொள்கின்றது. புரியாத மொழியில் எழுதப்பட்ட பெயர்ப்பலகையை மொழிபெயர்ப்புச் செயலி தமிழாக்கித் தருகின்றது. பயணியின் அச்சத்தைக் குறைத்து இன்பத்தைக் கூட்டும் இக்கருவிகளின் பயனை மறுத்தற்கில்லை.

எனினும், கருவியால் வழியறிந்தவர் உண்மையில் வழியை அறிந்தவராவாரா என்று வினவுவோர் உளர். இவ்வினா புதியதன்று. பிளேட்டோவின் ‘மெனோ’ என்னும் உரையாடலில் சோக்கிரதீசர் லரிஸ்ஸா நகருக்குச் செல்லும் வழியை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். அவ்வழியே சென்று அறிந்தவன் பிறரை நன்கு வழிநடத்துவான். ஒருபோதும் சென்றிராதவனும் வழியைப் பற்றிச் சரியான கருத்தைக் கொண்டிருப்பானாயின் அவ்வாறே நன்கு வழிநடத்துவான். நகரை அடைதல் என்ற பயனளவில் இருவரிடையே வேறுபாடு இல்லை. சரியான கருத்து கட்டி வைக்கப்படாதவரை ஓடிவிடக்கூடியது என்பதே சோக்கிரதீசர் காட்டும் வேறுபாடாகும். மின்கலம் தீர்ந்த திறன்பேசியோடு அந்நிய நகரில் நிற்கும் பயணிக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். ஆயினும் அது தற்செயலான இடர்ப்பாடேயன்றிக் கருவியை விலக்குதற்குரிய காரணமாகாது. ஆகவே, இங்கு இழக்கப்படுவது ஏதேனும் உண்டாயின் அது அறிவின்பாற்பட்டதன்று, மனிதர்க்கிடையிலான உறவின்பாற்பட்டதாகும்.

அவ்வுறவைத் தமிழ் மரபு ஓர் இலக்கிய வகையாகவே போற்றிற்று. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாகும். புலவனோ பாணனோ பொருநனோ கூத்தனோ வள்ளலிடம் பரிசு பெற்று மீள்கையில், வறுமையுடன் எதிர்ப்படும் மற்றொருவனுக்கு அவ்வள்ளலிடம் செல்லும் வழியையும், வழியிடையே கிடைக்கும் உணவையும் உறைவிடத்தையும் எடுத்துரைப்பது அவற்றின் பொதுவமைதி. திருமுருகாற்றுப்படையில் அது முருகனருளை நோக்கிய ஆற்றுப்படையாக உயர்த்தப்படுகின்றது. ஈண்டு நோக்கத்தக்கது, வழி காட்டுபவன் யார் என்பதே. அவன் முன்பு பெற்றவன், பெற்றதனாற் கடன்பட்டவன், அக்கடனை வள்ளலுக்கன்றி, இன்னும் பெறாத ஒருவனுக்குச் செலுத்துபவன். வழி காட்டுதல் நன்றியின் மறுவடிவம் என்பதே ஆற்றுப்படையின் அறம்.

அன்றாட வழக்கிலும் இதன் சாயலைக் காணலாம். வெள்ளவத்தையின் ஒழுங்கையொன்றில் வழி தெரியாது நிற்பவர் எதிரே வருபவரை ‘தம்பி’ என்றோ ‘அக்கா’ என்றோ விளித்த பின்னரே வழி கேட்பார். சிங்களத்திற் கேட்பவரும் ‘மல்லி’, அதாவது தம்பி, என்றே தொடங்குவார். முன்பின் அறியாத ஒருவரை உறவாக்கிக்கொண்டு, தம் அறியாமையை அவர்முன் ஒப்புக்கொள்வது ஒரு சிறு துணிவு. கேட்கப்பட்டவர் நின்று விடை கூறுவது ஒரு சிறு கொடை. திறன்பேசியின் திரையை நோக்கிக் குனிந்து செல்பவருக்கு இவ்விரண்டும் வேண்டுவதில்லை. பழைமையைப் போற்றுவோர் செயலிகளைக் குறைகூறுவதன் அடிப்படை இதுவே.

ஆயின் இக்குற்றச்சாட்டு முக்கியமானதோர் உண்மையைக் காணத் தவறுகின்றது. வழி கேட்கும் உரிமை எல்லார்க்கும் எக்காலத்தும் சமமாக இருந்ததில்லை. கேட்பவர் வாய் திறக்க வேண்டும். திறந்தவுடன் அவர் எம்மொழியினர் என்பது வெளிப்பட்டுவிடும். 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வாகனங்கள் மறிக்கப்பட்டு, உள்ளிருந்தோர் சிங்களச் சொற்களை உச்சரிக்குமாறு பணிக்கப்பட்டனர்; உச்சரிப்பே உயிரைத் தீர்மானித்தது. பிற்காலத்தில், வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகளில் தங்கியோருட் பலர் வெளிநாடு செல்வதற்கான விசாவுக்காகவும் வேலைக்காகவும் காத்திருந்தவர்கள். 2007 ஜூன் 7ஆம் நாள், கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணமில்லை என்று கூறப்பட்டு, அவ்விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது; பிரதமர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். வெளிநாட்டுப் பயணத்தின் முதற்கட்டமே சொந்த நாட்டின் தலைநகரில் அந்நியராக நிற்பதாக இருந்தது என்பதே இதன் பொருள்.

இத்தகைய அனுபவமுடைய சமூகத்தில், எவரையும் கேளாது, வாய் திறவாது, தான் செல்லுமிடத்தை அடையக்கூடிய ஆற்றலை வெறும் சோம்பலென்றோ மனிதத் தொடர்பின் சிதைவென்றோ தள்ளிவிட இயலாது. முகவர் சொன்னதே வேதமென்று நம்பிப் பெருந்தொகை கொடுக்க நேர்ந்தோருக்கு, சீட்டின் விலையையும் விசா விதிகளையும் தாமே நேரிற் பார்த்தறிவது சிறு விடுதலையன்று. இமானுவேல் கான்ற் 1795இல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதிய நூலில், விருந்தோம்பலைக் கருணையாகவன்றி உரிமையாகக் கருதினார். அமைதியாக வந்த அந்நியன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமையுடையவன் என்பது அவர் கருத்து. அவ்வுரிமை மறுக்கப்பட்ட தெருவில், பிறர் தயவை வேண்டாதிருக்கச் செய்யும் கருவி ஒரு கேடயமாகும்.

கேடயம் நன்றே, ஆனால் கேடயம் தேவைப்படும் நிலை நன்றன்று. இவ்விடத்திலேயே சிக்கலின் மையம் உள்ளது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கியது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரச மொழியாகும் என்றது. கூகிளின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் சேர்க்கப்பட்டன. கொட்டாஞ்சேனையில் வாழும் ஒருவர், சிங்களத்தில் மட்டும் வந்த அலுவலகக் கடிதமொன்றைச் செயலியின் துணையுடன் தமிழிற் படிக்கும்போது, வெளிநாட்டுப் பயணிக்குப் பயன்படும் கருவியைத் தம் வீட்டிலேயே பயன்படுத்துகின்றார். கடிதம் விளங்கிவிட்டது, குறை தீர்ந்ததாகத் தோன்றுகின்றது. உண்மையில் அதனை இருமொழியிலும் அனுப்பியிருக்க வேண்டிய கடமையே மறக்கப்படுகின்றது. துன்பத்தைத் தாங்கத்தக்கதாக்கும் வசதி, அத்துன்பத்தை நீக்கும் பொறுப்பிலிருந்து பிறரை விடுவித்துவிடக் கூடாது.

மேலும், தெருவில் ஒருவரை மறைக்கும் இக்கருவி வேறிடத்தில் அவரை வெளிப்படுத்துகின்றது. இவ்வழிகாட்டும் முறையின் வரலாற்றிலும் 1983 ஒரு முக்கியமான ஆண்டாகும். அவ்வாண்டு செப்ரெம்பர் 1ஆம் நாள் தன் பாதையிலிருந்து விலகிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த கொரிய விமானமொன்று சுட்டுவீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின்னரே, அமெரிக்க இராணுவத்திற்கென உருவாகிவந்த செய்மதி முறை பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் கொழும்பில், தமிழர் வீடுகள் எவையென அறிய வாக்காளர் பட்டியல்கள் பயன்பட்டன என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி. நல்ல நோக்கத்திற்காகத் தொகுக்கப்பட்ட பட்டியல் தீயோர் கைக்குப் போனால் என்னாகும் என்பதை வெள்ளவத்தை கண்டது. இன்று ஒருவர் எங்கு உறங்கினார், எந்தக் கோயிலுக்குச் சென்றார், எவருடன் பேசினார் என்பவற்றையெல்லாம் செயலிகள் தாமே பட்டியலிட வல்லன. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டமை வரவேற்கத்தக்கதே. எனினும் சட்டம் பாதி. இருப்பிடத்தை எந்தச் செயலிக்கு, எவ்வளவு நேரத்திற்கு அறிவிப்பது என்று ஒவ்வொருவரும் சிந்தித்துச் செயற்படுதல் மறுபாதி.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிவு புலனாகின்றது. செயலி பயணியை அச்சத்திலிருந்து விடுவிக்கலாம், கடனிலிருந்து விடுவிப்பதில்லை. திரையில் தோன்றும் பாதை எவராலும் ஆக்கப்படாது தானே முளைத்ததன்று. 2004இல் தொடங்கப்பட்ட ‘ஓப்பன் ஸ்றீற் மப்’ என்னும் வரைபடம், தம் ஊரின் ஒழுங்கைகளைத் தாமே குறித்துவைத்த தன்னார்வலர் பல்லாயிரவரின் உழைப்பு. தங்குமிடத்தின் நிறைகுறைகளை உண்மையாக எழுதிவைத்தவர் பின்வருபவருக்கு ஆற்றுப்படை பாடியவரே. ஆகவே ஆற்றுப்படையின் அறம் அழிந்துவிடவில்லை. முகம் காணா நிலையில் தொடர்கின்றது. முகம் காணாமையால் அது எளிதில் மறக்கப்படுகின்றது என்பதே இடர். பெறுவதை மட்டும் பெற்றுக்கொண்டு ஒன்றும் திருப்பியளிக்காத பயணி, பரிசு பெற்றபின் எதிரே வந்தவனைப் பாராது சென்ற பாணனை ஒப்பான். வண்டியோட்டியின் ஒரு நாட் சோர்வுக்காக ஆராயாது ஒற்றை நட்சத்திரம் இட்டுச் செல்பவன், அவரது பிழைப்பைத் தன் விரல்நுனியால் தீண்டுகின்றான் என்பதையும் உணரான்.

வழி கேட்கத் தேவையில்லாதவர்க்கும் வழி காட்டும் கடமை எஞ்சியே நிற்கின்றது. திறன்பேசி இல்லாத முதியவரும், அதனைக் கையாளத் தெரியாது முதன்முறையாகக் கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்கு வருபவரும், அவ்வழியே செல்லும் பிறநாட்டவரும் இன்றும் தெருமுனையில் நின்று எவரையேனும் எதிர்நோக்குகின்றனர். திரையிலிருந்து தலைநிமிர்ந்து அவர்களுக்கு விடை கூறுவது ஒரு கடன். எம்மொழியினரும் தம் மொழியிலேயே அஞ்சாது வழி கேட்கத்தக்க தெருவை உருவாக்குவது அதனினும் பெரிய கடன். முன்னதற்குச் செயலி தடையன்று. பின்னதற்குச் செயலி மாற்றுமன்று.