பருவந்தோறும் மெய்ம்மை

சைவாசிரியர்காள்!

மனிதன் பாலன், குமரன், விருத்தன் எனப் பருவந்தோறும் மாறி வருகின்றான். இவற்றுள் எப்பருவத்தில் அவன் தன் நெஞ்சுக்கு மெய்யனாகின்றான் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆன்மா பளிங்கை ஒப்பது என்பர் சித்தாந்த நூலார். செம்மலரைச் சார்ந்த பளிங்கு செந்நிறமாகவும், நீலமலரைச் சார்ந்தது நீலநிறமாகவும் தோன்றும். ஆன்மாவும் அவ்வாறே சார்ந்ததன் வண்ணமாகும். ஆதலின் மாறுதல் குற்றமன்று. எதனைச் சார்ந்தோம், எக்கருத்தாற் சார்ந்தோம் என்பனவே நோக்கற்பாலன.

அப்பர் சுவாமிகள் சரித்திரத்தை நோக்குமின். திருவாமூரிலே மருணீக்கியார் என வளர்ந்த அவர், பெற்றோர் இறந்தபின் நிலையாமை கண்டு, அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார். பின்னர்ச் சமணஞ் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றார். அச்சத்தாலோ பொருளாசையாலோ சார்ந்தாரல்லர்; மெய் நாடியே சார்ந்தார். சூலைநோய் வருத்தியபோது, திருவதிகையிலே தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை ஏற்றுச் சிவபெருமானைச் சரணடைந்தார். முதுமையிலும் உழவாரம் ஏந்தித் திருப்பணி செய்தார். சமணரோடு கழித்த நாள்களைத் தம் பதிகங்களில் மறைத்தாருமல்லர். நிலைகள் மாறின, மெய்யை நாடும் வேட்கை மாறிற்றில்லை.

இனி எம்மைக் குறித்தும் ஒன்று கூறுவாம். இளமையில் யாம் பாதிரிமார் பாடசாலையிற் கற்றோம். காலைதோறும் அன்னையார் இட்ட திருநீற்றை அதன் வாயிலை அடையுமுன் துடைத்துவிடுவோம். மாலையிலே வழியிலுள்ள பிள்ளையார் கோயிலில் மீளப் பூசிக்கொண்டு வீடு செல்வோம். துடைக்கும்படி ஆசிரியர் ஒருவரும் எம்மைப் பணித்திலர். உடன்கற்போர் நகைப்பர் என்னும் நாணமே பணித்தது. அப்பொய் எம்முடையதே.

இன்று ஐம்பது கடந்த யாம் நெற்றி நிறையத் தரித்துச் சைவபாடசாலைக்குச் செல்கின்றோம். ஆயினும், ‘இஃது அன்பினாலோ, பிறர் மதிப்பின் பொருட்டோ?’ எனச் சில காலைகளில் எம் நெஞ்சம் வினாவுகின்றது. அன்று பிறர்க்கு அஞ்சி அழித்தோம். இன்று பிறர்க்கு அஞ்சி அணிவோமாயின், பருவம் மாறிற்றேயன்றிப் பொய் மாறிற்றில்லை.

ஆதலால், வெறுநெற்றியோடு வரும் மாணாக்கனைப் பலர் முன்னிலையில் நாணச் செய்யாதொழிமின். அச்சத்தால் இட்ட நீறு அச்சம் நீங்கியவுடன் அழியும். அவனைத் தனியே அழைத்து, அன்போடு காரணம் வினாவுமின். வேண்டுமாயின் எம் கதையையும் அவனுக்குக் கூறுமின். அதற்குமுன், நாடோறும் திருநீறு தரிக்கும்பொழுது ஒருகணம் நின்று, ‘இஃது எவர் பொருட்டு?’ என நம்மை நாமே வினாவுவோமாக. அவ்வினாவுக்கு நாணாது விடை கூறவல்ல நாளே நாம் மெய்யராகும் நாள். அது பதினைந்து வயதிலும் வரலாம், எழுபதிலும் வரலாம்.

திருச்சிற்றம்பலம்.