நம்பி வந்த நாய்

நோயாளியின் கட்டிலடியில் படுத்திருக்கும் நாய் மருந்தா, உறவா?

1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தது. நாய் முதலிய வளர்ப்புப் பிராணிகள் உள்ள 53 பேரில் 3 பேரும், இல்லாத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தனர். சிறிய கணக்குத்தான், உயிரைக் காத்தது பிராணியே என்று இதைக்கொண்டு அறுதியிட்டுக் கூறிவிட முடியாது. 2015இல் யப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்று கண்டனர். நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் ஒருவரையொருவர் நோக்கும்போது இரு உடலிலும் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை வளர்ப்பதும் இதுவே.

இரு உடலிலும் என்பதுதான் கவனிக்கத்தக்கது. அப்படியாயின், தான் சுகமடைந்தபின், வயது போய்ச் சொறி பிடித்த அந்த நாயைச் சந்தையடியில் விட்டு வருவது எவ்வகை நியாயம்? ஊர்களில் நடக்காத காரியமன்று.

மகாபாரதத்தில் தருமரின் இறுதி யாத்திரையில் கடைசிவரை கூட வந்தது ஒரு நாய். இந்திரன் தேரில் ஏறச் சொன்னபோது, தம்மை நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாமென்று தருமர் நின்றுவிட்டார். அந்த நாய் தருமதேவதை என்பது அப்போது அவருக்குத் தெரியாது.